தீப்பெட்டி இறக்கம்

மட்டக்குளி பஸ்ஸில் கண்டக்டர் கத்துவார்:
"கினிபெட்டிய, கினிபெட்டிய, தீப்பெட்டி இறக்கம்!"
அங்கே தீப்பெட்டி செய்வதை நிறுத்தி
இருபத்தெட்டு வருடம்.
குச்சி அடுக்கிய கடைசிப் பெண்ணும்
மகளோடு இருக்க இத்தாலிக்குப் போய்விட்டாள்.
ஆனாலும் யாரோ ஒருவர்
எழுந்து, பையைத் தோளில் மாட்டி, மணியடிக்கிறார்.

மிச்சம் முன்சுவர் ஒன்று.
அதன் நெற்றியில் இரும்பெழுத்துப் பலகை.
ஆங்கில வரி முதலில் போனது,
பெரிய எழுத்து, நல்ல எடை,
பழைய இரும்புக்காரன் கிலோக் கணக்கில் எடுத்தான்.
சிங்கள வரியின் வளைவுகளுக்குள்
மைனாக்கள் குடும்பம் நடத்துகின்றன.
தமிழ் வரி அப்படியே நிற்கிறது,
புள்ளிகள் மட்டும் உதிர்ந்துவிட்டன.
தீபபெடடித தொழிறசாலை.
ஒழுங்கைப் பிள்ளைகள் அதை அப்படியே வாசிக்கிறார்கள்,
தடுக்காமல், ஓர் எழுத்தும் விடாமல்.
புள்ளி போனால் மெய்க்கு
ஓர் அகரம் கிடைத்துவிடுகிறது;
வாயைத் திறந்துதான் சொல்ல வேண்டும்.

பின்னால் எழவிருந்தது முப்பத்தொரு மாடி.
ஒன்பதில் நின்றது.
டொலர் ஏறிய வருடம் கிரேன் போனது,
பிறகு இஞ்சினியர்,
பிறகு காவலுக்கு இருந்த நாய்.
போகாதது சாரம்.

சாரம் என்றால் எங்களுக்கு இடுப்பில் கட்டுவது,
வேலை முடிந்து வந்து
சேட்டைக் கழற்றிவிட்டு ஆண்கள் உடுத்துவது.
அந்தக் கட்டிடமும்
வேலை போன ஆள் மாதிரி
ஐந்து வருடமாய் ஒரே சாரத்தோடு
வாசலில் நிற்கிறது.
வெசாக்குக்கு யாரோ அதில் ஒரு கூடு தொங்கவிட்டார்கள்,
டிசம்பரில் யாரோ ஒரு நட்சத்திரம்.
இரண்டையும் எவரும் கழற்றவில்லை.
கலியாண கார்டின் பின்பக்க வரைபடத்தில்
அது ஒரு சதுரம், உள்ளே குறுக்குக் கோடுகள்.
ஓட்டோக்காரரிடம் சொன்னால் போதும்:
சாரங்கட்டின பில்டிங்குக்கு அங்கால, ரெண்டாவது கேட்.

அந்தச் சாரம் எங்களுடையது.
ஃபவாஸ் முதலாளியின் யார்டில்
நான்தான் பில் எழுதுகிறேன்.
வாடகை தொண்ணூறு நாள்.
குழாய் ஆயிரத்து அறுநூற்று நாற்பது.
ஜக் இருநூறு. கிளாம்ப் மூட்டைக் கணக்கு.
கீழே என் கையெழுத்து, ச. மெற்றில்டா,
அப்போது அது நேராக இருந்தது.

வழக்கு முடிந்து கழற்றப் போனோம்,
இரண்டு லொறி, பதினொரு பேர்.
குழாய் குழாயாய் இறங்க இறங்க
எதிர்த் தொடர்மாடியில் ஜன்னல்கள் திறந்தன.
உடுப்புக் காயப்போட்டுக்கொண்டே ஒருத்தி கேட்டாள்:
"இனி என்னத்தைச் சொல்லி விலாசம் குடுக்கிறது?"
வவுச்சரைப் பார்த்தேன்.
அதில் அதற்கு ஒரு கட்டம் இல்லை.

நாலு மணிக்கு விமலசிறி மேலிருந்து வந்தான்.
பலஞ்சிய என்பான் அவன் பாஷையில்,
நோயாளியைப் பற்றிப் பேசுவது போல மெதுவாக.
சுவரோரம் பதினாலு குழாய்.
"சுவர் இப்ப இதுகளிலதான் சாய்ஞ்சு நிக்குது, மிஸ்.
எடுத்தால் பலகை ரோட்டில."
முதலாளிக்குக் கோல் எடுத்தேன்.
தொழுகையில் இருந்தார்.
நல்லதாய்ப் போயிற்று.

திரும்பிய கணக்கில் எழுதினேன்:
பதினாலு குறைவு. காரணம்: தொலைந்தது.
பதினாறு வருட வேலையில் முதல் பொய்,
அதுவும் ஊரே அண்ணாந்து பார்க்க
நாற்பது அடி உயரத்தில்.

லொறியில் ஏறப் போகும்போது கால் இடறியது.
புல்லுக்குள் ஒரு புள்ளி.
சோசர் அளவு, கனம்,
விளிம்பில் கொஞ்சம் சிவப்பு மிச்சம்.
இப்போது என் மேசையில்
பில்கள் ஃபேன் காற்றில் பறக்காமல் பார்த்துக்கொள்கிறது.
எந்த எழுத்தினது என்று தெரியவில்லை.
நாலில் ஒன்று.
தனியாக இருக்கும் மத்தியானங்களில்
ப் என்று சொல்லிப் பார்க்கிறேன்,
உதடுகள் மூடிக்கொள்கின்றன.
பிறகு ட்.